நாஷ் வீசிய பந்து

கிரிக்கெட் பந்துக்கு யாரும் ஜாதகம் எழுதி வைப்பதில்லை. உள்ளே கார்க், அதன்மேல் இறுகச் சுற்றிய நூல், வெளியே சிவப்புத் தோல், நடுவே வரிவரியாகத் தையல். எடை 156 முதல் 163 கிராமுக்குள். ஒரு பெட்டியில் ஆறு பந்து இருந்தால் ஆறும் ஒரே அச்சு. தயாரித்த கம்பெனியின் முத்திரைதான் அதற்கு இருக்கும் ஒரே அடையாளம்.

1968 ஆகஸ்ட் 31 அன்று வேல்ஸில் ஸ்வான்சீ நகரின் செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்தில் கிளாமர்கன் அணி கையில் இருந்ததும் அப்படியொரு பந்துதான். கடற்கரையை ஒட்டிய மைதானம் அது. எதிரணி நாட்டிங்ஹாம்ஷயர், அதன் கேப்டன் கேரி சோபர்ஸ். வெளிநாட்டு வீரர்களுக்கு இங்கிலாந்து கவுன்டி அணிகள் கதவைத் திறந்துவிட்ட முதல் சீசன். நாட்டிங்ஹாம்ஷயர் சோபர்ஸை அப்படித்தான் கொண்டுவந்திருந்தது.

பந்து மால்கம் நாஷிடம் வந்தது. 23 வயது, இடதுகைப் பந்துவீச்சாளர். அவருடைய தொழில் ஸ்விங். புதுப்பந்தை எடுத்துக் காற்றில் வளைப்பவர். ஆனால் அந்தக் காலத்தில் டெரிக் அண்டர்வுட் வேகத்தைக் குறைத்து இடதுகையால் வீசி விக்கெட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார். நாமும் முயன்று பார்க்கலாமே என்று நாஷும் சுழற்பந்தில் இறங்கியிருந்தார். அன்று அது அப்படியொன்றும் மோசமாகப் போகவில்லை. நாட்டிங்ஹாம்ஷயர் இழந்த ஐந்து விக்கெட்டில் நான்கு அவருடையவைதான்.

சீக்கிரம் ரன் சேர்த்து டிக்ளேர் செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார் சோபர்ஸ். முதல் பந்தைக் கால் பக்கம் தூக்கினார், மைதானத்துக்கு வெளியே போனது. இரண்டாவதும் அதே பக்கம். மூன்றாவது ஆஃப் பக்கம், நான்காவது மறுபடி கால் பக்கம். ஐந்தாவது சரியாகப் படவில்லை. லாங் ஆஃபில் நின்ற ரோஜர் டேவிஸ் பிடித்தேவிட்டார். பிடித்த வேகத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தார். பந்து கையில்தான் இருந்தது, ஆள்தான் கோட்டுக்கு வெளியே. அம்பயர்கள் கலந்து பேசினார்கள். எல்லையைத் தாண்டி விழுந்தால் கேட்ச் செல்லாது என்று விதி அப்போதுதான் மாறியிருந்தது. அம்பயரின் இரண்டு கையும் மேலே போனது, அதுவும் சிக்சர். ஆறாவது பந்தைச் சோபர்ஸ் அடித்த அடியில் அது சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

முதல்தரக் கிரிக்கெட்டில் ஒரே ஓவரில் ஆறு சிக்சர் விழுந்தது அதுவே முதல் முறை. ஸ்கோர் 394 ஆனதும் சோபர்ஸ் டிக்ளேர் செய்தார், அவர் கணக்கில் 76. நாஷின் கணக்கு: 4 விக்கெட், 100 ரன். பிபிசி வேல்ஸ் கேமரா அங்கே ஓடிக்கொண்டிருந்ததால் கறுப்பு வெள்ளையில் அந்த ஓவர் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. நாஷின் தலையெழுத்தை நிர்ணயித்தது அந்தக் கேமராதான் என்றும் சொல்லலாம். படம் இல்லாதிருந்தால் அது ஸ்கோர் புத்தகத்தில் ஆறு எண்களாக நின்றிருக்கும்.

தெருவுக்குப் போன பந்து ஒரு பள்ளிச் சிறுவன் கையில் கிடைத்து, பத்திரமாகத் திரும்பி வந்தது. அதோடு அதன் விளையாட்டு வாழ்க்கை முடிந்து, நினைவுப்பொருள் வாழ்க்கை தொடங்கியது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 2006 நவம்பரில், லண்டனின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஒரு பந்து விற்பனைக்கு வந்தது. சோபர்ஸ் ஆறு சிக்சர் அடித்த ஓவரில் பயன்பட்ட மூன்று பந்துகளில் ஒன்று என்று அறிமுகம். சோபர்ஸ் கையெழுத்திட்ட சான்றிதழும் கூடவே இருந்தது. 26,400 பவுண்டுக்கு ஏலம் போனது. வாங்கியவர் ஓர் இந்தியர்.

அந்தப் பந்தில் இருந்த முத்திரை ட்யூக். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து பந்து செய்துவரும் பெயர், இன்றும் இங்கிலாந்து டெஸ்டுகளில் ஓடும் பெயர். அந்த ஓவரைப் பற்றிப் புத்தகம் எழுத இறங்கிய பத்திரிகையாளர் கிரஹாம் லாயிட், பந்தை வீசியவரிடமே போய்க் கேட்டார். நாஷ் சொன்ன பதிலில் இரண்டு விஷயம் இருந்தது. தான் வீசியது ஸ்டூவர்ட் சர்ரிட்ஜ் கம்பெனிப் பந்து. அந்த ஓவர் முழுக்க ஒரே பந்து, மூன்று அல்ல.

லாயிட் விடவில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், அன்று களத்தில் இருந்தவர்களைத் தேடிப்போனார். ஓவரின் நடுவே பந்து மாறவில்லை என்பது அவர் வாதம். 2012இல் அந்தப் பந்து போன்ஹாம்ஸ் நிறுவனத்தில் மறுபடி ஏலத்துக்கு வரவிருந்தபோது, கேள்விகள் எழுந்ததால் விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு லாயிட் இந்த மர்மத்தைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது விலை இல்லை. ஆறு சிக்சர் அடித்த மட்டைக்காரர் அந்தப் பந்தைத் தொடவே இல்லை. மட்டைதான் தொட்டது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம். பந்தைக் கையில் வைத்து உருட்டியவர், சட்டையில் தேய்த்தவர், தையலில் விரல் பதித்தவர் நாஷ். முத்திரை எந்தப் பக்கம், பளபளப்பு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து வீசுவதுதான் ஸ்விங் பந்துவீச்சாளரின் பிழைப்பு. பந்தை அடையாளம் காட்டத் தகுந்த முதல் சாட்சி அவர். ஏலத்தில் விலையை ஏற்றியதோ அடித்தவரின் கையெழுத்து. வீசியவரின் வார்த்தை பிற்பாடு வந்து சேர்ந்தது.

நாஷின் வாழ்க்கையும் இதே கணக்கில்தான் எழுதப்பட்டது. 2019 ஜூலை 30 அன்று லண்டனில், 74 வயதில், அவர் இறந்தார். ஆறு சிக்சர் கொடுத்தவர் காலமானார் என்றுதான் உலகம் முழுக்கச் செய்தி போனது. கிளாமர்கன் ரசிகர்களிடம் இருந்த நாஷ் வேறு. 1966 முதல் 1983 வரை அந்த ஒரே கவுன்டிக்கு விளையாடி 993 முதல்தர விக்கெட் எடுத்தவர். ஆயிரத்துக்கு ஏழுதான் குறைவு. 1975இல் ஹாம்ப்ஷயருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 56 ரன் கொடுத்து 9 விக்கெட். மட்டை பிடித்தும் ஏழாயிரத்துக்கு மேல் ரன், அதிகபட்சம் 130. 1980, 81இல் கேப்டன்.

ஸ்வான்சீ ஓவருக்கு அடுத்த ஆண்டே, 1969இல், கிளாமர்கன் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கவுன்டி சாம்பியன்ஷிப்பை வென்றது. 1948இல் கிடைத்த முதல் பட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு இது இரண்டாவது. அந்த அணியின் புதுப்பந்து நாஷ் கையில் இருந்தது. நம்மூரில் என்றால், ஒரு ஓவரில் 36 கொடுத்த பையனை மறுபடி டீமில் எடுப்பார்களா என்று டீக்கடையில் விவாதம் நடந்திருக்கும். 1977இல் லார்ட்ஸில் ஜில்லெட் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி மிடில்செக்ஸ், தொடக்க ஆட்டக்காரர் மைக் பிரேர்லி, அப்போதைய இங்கிலாந்து கேப்டன். இன்னிங்ஸின் முதல் பந்திலேயே அவரை விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுக்க வைத்தார் நாஷ். கோப்பை கிளாமர்கனுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு பந்து மட்டும் வேல்ஸ்காரர்களின் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அதே ஆண்டு, அதே ஸ்வான்சீயில், லங்காஷயரின் பிராங்க் ஹேய்ஸ் அவருடைய ஓர் ஓவரில் ஐந்து சிக்சரும் ஒரு பவுண்டரியுமாக 34 அடித்தார் என்பதையும் ரசிகர்கள் மறைப்பதில்லை. நாஷே மறைத்ததில்லை. அந்த இரண்டு ஓவரையும் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசக்கூடியவர் அவர்.

1985 ஜனவரியில் மும்பை வான்கடேயில் ரவி சாஸ்திரி ஆறு சிக்சர் அடித்தபோது வீசியவர் பரோடாவின் திலக் ராஜ். அவரைப் பற்றி அந்த ஓவர் தவிர வேறென்ன நமக்குத் தெரியும்? 2007இல் டர்பனில் யுவராஜ் சிங்கிடம் ஆறு வாங்கிய ஸ்டூவர்ட் பிராடு 604 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வுபெற்றார். அவருக்குப் பரிந்து பேச ஆள் தேவையில்லை, டெஸ்ட் பட்டியலே பேசும். நாஷுக்கு இங்கிலாந்து டெஸ்ட் தொப்பி கிடைக்கவே இல்லை. அவருடைய 993 விக்கெட்டில் பெரும்பாலானவை கவுன்டி மைதானங்களில், சில ஆயிரம் பேர் முன்னால், கேமரா இல்லாத நாட்களில் விழுந்தவை. அவற்றைச் சொல்ல அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் வேண்டும். 2019இல் அவர்கள் சொன்னார்கள். பழைய வீரருக்கு அஞ்சலி என்றால் இதுதான்: படத்தில் இல்லாததை, பார்த்தவர்கள் பேர் சொல்லி, வருஷம் சொல்லி, எதிரணி சொல்லிக் கணக்கில் சேர்ப்பது.