சண்டை செய்ய விரும்பாத சார்ஜன்ட்

போர்ச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வயது போன பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். இறந்தோர் எத்தனை, காயமடைந்தோர் எத்தனை, சரணடைந்தோர் எத்தனை என்று இரவிரவாகத் தலைப்பிட்டிருக்கிறேன். அந்த எண்ணிக்கைக்குள் நின்ற ஒரு சிப்பாய் பின்னர் வீடு திரும்பி வயலில் இறங்கினானா, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தான், யாரிடம் கடன்பட்டான் என்று ஒருபோதும் எழுதியதில்லை. அதற்குப் பத்திரிகையில் இடமும் இருப்பதில்லை. அந்தக் குறை மனதில் கிடந்ததாலோ என்னவோ, அமெரிக்கப் படைவீரரான அல்வின் யோர்க்கின் கதையில் அவரது வீரச்செயலைக் காட்டிலும் அதன் பின்னான நாற்பத்தைந்து ஆண்டுகளே என்னை அதிகம் ஈர்த்தன.

ரென்னஸி மாநிலத்தின் மலைப்பகுதியில், வுல்ப் ஆற்றங்கரையில் உள்ள பால் மோல் என்ற சிற்றூரில் 1887 டிசெம்பர் 13 ஆம் திகதி யோர்க் பிறந்தார். மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய சிறு வீடு. பதினொரு பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தையார் கமமும் செய்தார், கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்த காலத்தைச் சேர்த்துக் கூட்டினால் ஓராண்டும் தேறாது. 1911 இல் தந்தையார் இறந்துவிட, மூத்த சகோதரர்கள் இருவரும் ஏற்கெனவே மணமுடித்துத் தனியே போயிருந்தமையால், தாயையும் இளையோரையும் காக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. உழைத்தார், ஆனால் குடியும் சூதும் சண்டையும் கூடவே இருந்தன. 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதமாற்றம் என்றே சொல்லத்தக்க ஒரு மனமாற்றம் நிகழ்ந்தது. குடியை விட்டார். கொல்லாமையை வலியுறுத்திய சிறியதொரு கிறிஸ்தவ சபையில் மூப்பரானார்.

இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. 1917 யூன் மாதம் படைக்கு ஆட்சேர்க்கும் படிவத்தில், சண்டை செய்ய விருப்பமில்லை என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். விலக்களிக்குமாறு அவர் செய்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஜோர்ஜியாவிலுள்ள பயிற்சி முகாமில் அவருடைய மேலதிகாரிகளான கப்டன் டான்போர்த்தும் மேஜர் பக்ஸ்டனும் அவரைத் தண்டிக்க முனையவில்லை. மாறாக, வேதாகமத்தைத் திறந்துவைத்து அவருடன் வாதிட்டனர். யுத்தம் நடத்தும் இராணுவத்தில் ஒரு சாதாரண சிப்பாயின் மனச்சாட்சிக்காக அதிகாரிகள் இவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பது இன்றைக்கும் நம்பக் கடினமான செய்திதான். பத்து நாள் விடுப்பில் ஊருக்கு அனுப்பினர். மலையேறித் தனியே ஜெபித்துவிட்டு, போருக்குப் போவது என்ற முடிவுடன் அவர் திரும்பினார்.

1918 ஒக்ரோபர் 8. பிரான்சின் ஆர்கோன் காடு. 82 ஆவது டிவிஷனின் 328 ஆவது காலாட்படையைச் சேர்ந்த பதினேழு பேர், சார்ஜன்ட் ஏர்லியின் தலைமையில் ஜேர்மானிய இயந்திரத் துப்பாக்கிகளின் பின்புறமாகச் சுற்றிச் சென்றனர். முதலில் ஒரு ஜேர்மானியக் குழு எதிர்ப்பின்றிச் சரணடைந்தது. அந்தக் கணத்தில் மேட்டிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகள் திரும்பிச் சுட, அமெரிக்கர் அறுவர் மாண்டனர். ஏர்லி உட்பட மூவர் காயமுற்றனர். கோப்ரல் தரத்திலிருந்த யோர்க்கே எஞ்சியோருக்குத் தலைவரானார்.

பின் நடந்ததைப் புரிந்துகொள்ள அவருடைய ஊரின் துப்பாக்கிப் பழக்கத்தை அறிய வேண்டும். பால் மோலில் வான்கோழியின் தலையைக் குறிபார்த்துச் சுடுவது ஒரு போட்டி. காட்டில் வரிசையாக வரும் வான்கோழிகளைச் சுடும்போது கடைசியில் வருவதையே முதலில் சுடுவர். முன்னால் வருபவை அதை அறியாமல் தொடர்ந்து வரும். துப்பாக்கிச் சனியன்களுடன் ஓர் ஆறுபேர் பாய்ந்து வந்தபோது யோர்க் தம் கைத்துப்பாக்கியால் அவ்வாறே பின்னிருந்து முன்னாக அவர்களைச் சுட்டார். கமக்காரப் பிள்ளை உணவுக்காகக் கற்ற வித்தை மனிதர்மீது பயன்பட்டது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பு ஏற்படுவதில்லை. ஒருவித மனக்கனமே ஏற்படுகிறது. ஈற்றில் ஆங்கிலம் அறிந்த ஜேர்மானிய லெப்டினன்ட் வோல்மர் சரணடைய முன்வந்தார். அன்று முன்னணிக்குப் பின்னே நடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள் 132 பேர்.

இது தனியொருவரின் செயலா, எட்டுப் பேரின் செயலா என்ற வாதம் அவருடைய வாழ்நாளிலேயே எழுந்தது. ஏர்லிக்கும் பின்னர் ஒரு விருது வழங்கப்பட்டது. சம்பவம் நடந்த சரியான இடம் எதுவென்று 2006 இற்குப் பின்னும் ஆய்வாளர்கள் முரண்பட்டனர். ஒரு தலைப்புக்குள் ஒரு பெயர்தான் அடங்கும் என்பதைப் பத்திரிகைக்காரனாகிய நான் நன்கறிவேன்.

1919 மே மாதம் நியூயோர்க் நகரம் அவரைக் காகிதமழை பொழிந்து வரவேற்றது. விளம்பரத்துக்கும் மேடைக்கும் பெருந்தொகைகள் பேசப்பட்டன. போரில் செய்ததை விற்க மாட்டேன் என்று மறுத்து ஊருக்குப் போய், யூன் 7 ஆம் திகதி, காத்திருந்த கிரேசி வில்லியம்ஸைக் கைப்பிடித்தார். மாநில ஆளுநரே திருமணத்தை நடத்திவைத்தார்.

அன்பளிப்பாகக் கிடைக்கவிருந்த கமமோ தொல்லையாக முடிந்தது. நாஷ்வில் நகரத்து அன்பர்கள் திரட்டிய பணம் காணிக்குப் போதவில்லை. விளைபொருள் விலை வீழ்ந்த வேளையில் வீரர் கடனாளியானார். பொதுமக்கள் மீண்டும் உதவிய பின்னரே காணி மிஞ்சியது. அப்படியிருந்தும், தமக்குக் கிட்டாத கல்வியை அயலூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று ஜேம்ஸ்டவுனில் ஒரு பள்ளிக்கூடம் நிறுவப் பல்லாண்டு அலைந்தார். 1926 இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்காகத் தம் கமத்தையும் ஈடுவைத்தார்.

பிள்ளைகளின் பெயர்கள் சுவையானவை. வூட்ரோ வில்சன், அன்ட்ரூ ஜாக்சன், தோமஸ் ஜெபர்சன் என்று ஜனாதிபதிகள் அந்த வீட்டு முற்றத்தில் ஓடி விளையாடினர். ஒரு மகனுக்கு ஜோர்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன் என்று பெயர். முகாமில் வேதாகமத்தை வைத்துத் தம்முடன் வாதிட்ட அதே மேஜரின் பெயர்! அந்த வாதத்தை அவர் ஒரு தோல்வியாகக் கருதவில்லை என்றே எண்ணுகிறேன். ஆயினும் 1930 களில், அந்தப் போரால் எதுவும் விளையவில்லை என்று கூறிவந்தார். ஹிட்லரின் எழுச்சியின் பின் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இருபது ஆண்டுகளாக மறுத்த திரைப்படத்துக்கு இறுதியில் இணங்கியதும் ஒரு வேதாகமப் பள்ளிக்காகத்தான். 1941 இல் வெளியான 'சார்ஜன்ட் யோர்க்' கெரி கூப்பருக்கு ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்தது. யோர்க்குக்கு வரி வழக்கைக் கொடுத்தது. வட்டியுடன் ஒரு இலட்சத்து 72 ஆயிரம் டொலர் தரவேண்டும் என்றது இறைவரித் திணைக்களம். 1954 இல் பக்கவாதத்தால் வீழ்ந்து படுக்கையிலிருந்த அவருக்காக, சபாநாயகர் சாம் ரேபேர்ன் முதலானோர் பணம் திரட்ட, 1961 இல் 25 ஆயிரம் டொலருடன் அது தீர்க்கப்பட்டது.

1964 செப்டெம்பர் 2 ஆம் திகதி நாஷ்வில் நகரில் அவர் காலமானார். வுல்ப் ஆற்றங்கரையில் அவர் நடத்திய மாவரைக்கும் ஆலையும் அவருடைய வீடும் இன்று மாநில வரலாற்றுப் பூங்காவுக்குள் அடங்குகின்றன. கிரேசி இருபது ஆண்டுகள் தனித்திருந்து 1984 இல் மறைந்தார். ஊர்ச் சவக்காலையில் கணவருக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.