முதுகின் பாரம்

சென்னையில் துறைமுகம் எழுமுன், மசூலாப் படகுகளிலிருந்து சரக்கு கரையேறியது மனிதர் தோளிலும் முதுகிலுமே. 1983-இல் கொள்கலன் முனையம் திறந்தபின் பெரும்பாரத்தை இயந்திரம் ஏற்றது. இராயபுரத்து முதிய தொழிலாளரிடம் பழைய சுமையின் வலி எஞ்சியது.

முதுகெலும்பின் சிறுமூட்டுகளில் பிறக்கும் நாட்பட்ட வலிக்கு ஒரு வழியை அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி 1975-இல் விளக்கினார். மரப்பு மருந்திட்டுச் சோதித்தபின், வலியுணர்த்தும் நுண்ணரம்பருகே ஊசி செலுத்தி, வானொலியின் மத்திய அலையை ஒத்த அதிர்வுடைய மின்னோட்டம் பாய்ச்சுவர். ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில் நரம்பு அடங்கும். கழுத்துவலிக்கும் இம்முறை உண்டு. எனினும் நரம்பு மீண்டும் வளர, வலி திரும்பக்கூடும்.

ஆதலின், ஓர் ஆடவர் சுமக்கும் பாரம் 55 கிலோவை மிஞ்சலாகாதென 1967-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்ததையே பெருமருந்தாகக் கருதுகிறேன். வலியின் வாயை ஊசி அடைக்கலாம். பாரத்தை இறக்குவது சமுதாயத்தின் கடன்.