வான்கோழிகள் சொன்ன எச்சரிக்கை

வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு இருக்கும்போது திடீரென்று ஒன்று கசக்கும். முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு அடுத்ததை எடுப்போம். கெட்டுப்போன கடலையைத் துப்புவது நல்ல பழக்கம்தான் நண்பர்களே. ஆனால் துப்பிவிட்டு எடுக்க வேறு எதுவுமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். 1960-ஆம் ஆண்டு அங்கே பண்ணைகளில் வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். காரணம் புரியாததால் அந்த நோய்க்கு 'எக்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். கிருமியைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் மாட்டிக்கொண்டது தீவனம். பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு, அந்தப் பூஞ்சையின் பெயரில் இருந்தே எழுத்துக்களை எடுத்து, அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

இந்த நஞ்சு குறி வைப்பது கல்லீரலை. உடலுக்குள் போன நஞ்சைச் சுத்தம் செய்வதுதான் கல்லீரலின் வேலை. ஆனால் அஃப்ளடாக்சினை அது மாற்றப்போய், முன்னதைவிட மோசமான ஒரு பொருள் உருவாகி, செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதிக அளவில் உடலுக்குள் போனால் சில வாரங்களிலேயே கல்லீரல் செயலிழக்கும். சிறிது சிறிதாகப் பல வருடம் போனால் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் பி கிருமியும் உடலில் இருந்துவிட்டால் ஆபத்து பல மடங்கு கூடும். சமைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சாதாரண அடுப்புச் சூட்டில் இது முழுதாக அழிவதில்லை.

வான்கோழிகள் செத்துப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1974-இன் கடைசி மாதங்களில், அதே நஞ்சு நம் நாட்டு மனிதர்களிடம் வந்தது. ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள். பெரும்பாலும் பில் பழங்குடி மக்கள். மஞ்சள் காமாலை வந்தது, வயிற்றில் நீர் கோத்து வீங்கியது. 397 பேர் பாதிக்கப்பட்டார்கள், 106 பேர் இறந்தார்கள். அந்த வீட்டுச் சோற்றைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய்!

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் துருவியபோது, நோய் வந்த வீடுகளுக்குப் பொதுவாக இருந்தது மக்காச்சோளம். அறுவடைக்கு முன் பருவம் தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்திருந்தன. சரியாகக் காயவைக்க வழியில்லாமல் ஈரத்தோடு சேர்த்து வைத்ததில் பூஞ்சை பூத்துவிட்டது. அந்தச் சோளத்தில் ஒரு கிலோவுக்குச் சுமார் 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சின் இருந்தது. அமெரிக்காவில் மனிதர் உண்ணும் உணவுக்கு அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல்!

பூஞ்சை பூத்த சோளம் கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் வறுமையில் வாடும் வீட்டில் வேறு தானியம் இல்லை. அதைச் சாப்பிட்டால் நோய் வரலாம், சாப்பிடாவிட்டால் பட்டினி நிச்சயம். இதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல், கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதே கதை திரும்ப நடந்தது. அங்கேயும் மக்காச்சோளம், அங்கேயும் ஈரம், அங்கேயும் சொந்த நிலத்தில் விளைந்ததை உண்ட ஏழை விவசாயிகள். 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அதற்குள் இந்த நஞ்சைப் பற்றி உலகத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1987-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது.

ஏன் தடுக்க முடியவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். சட்டமும் சோதனைக்கூடமும் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் வரும் தானியத்தைத்தான் பார்க்கின்றன. தன் வயலில் விளைந்து தன் குதிரில் கிடந்து தன் அடுப்புக்குப் போகும் தானியத்தை யார் சோதிக்கிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது நன்றாகக் காயவைக்க ஒரு களம், நனையாமல் வைக்க ஓர் இடம், அந்த வருட விளைச்சல் கெட்டுவிட்டால் மாற்றாக ஒரு மூட்டை நல்ல தானியம்.

அடுத்த முறை கசந்த கடலையைத் துப்பும்போது, அப்படித் துப்ப முடிவதே ஒரு வசதி என்பதை நினைத்துக்கொள்வோம்.