கட்டிலருகே நின்ற சிறுவர்கள்



நம் புதுச்சத்திரத்திலிருந்து தெற்கே நாமக்கல்லைத் தாண்டிக் காவிரியைக் கடந்தால் கரூர். 1779-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர், ஹைதர் அலியைச் சந்திக்க ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் செல்லும் வழியில் அங்கே தங்கினார். அந்நாளில் நம் பகுதியும் ஹைதரின் ஆளுகைக்கு உட்பட்டதே. சரித்திரம் அவரைத் தூதுவராகவும் மிஷனெரியாகவும் நினைவுகூருகிறது. ஆசிரியர் தினம் வருகிற இந்த வாரத்தில் அவரை ஓர் ஆசிரியராக உங்கள்முன் நிறுத்த விரும்புகிறேன்.

முதலில் அவர் மாணவராயிருந்த கதை. அவர் ஹாலே நகரில் படித்த நாட்களில், இந்தியாவில் ஊழியஞ்செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் ஷூல்ட்சே அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிடத் திட்டமிட்டார். அச்சுப்பணியைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டதால், சுவார்ட்ஸைத் தமிழ் கற்கும்படி ஏவினார். அச்சுத் திட்டம் நிறைவேறவில்லை. கற்ற தமிழோ 1750-இல் அவரோடு தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. நிறைவேறாத ஒரு வேலையின் மிச்சத்திலிருந்து நாற்பத்தெட்டு ஆண்டு ஊழியம் பிறந்தது!

1787-இல் தஞ்சை மன்னர் துளஜா, தாம் இறக்குந்தறுவாயில், தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் கையில் ஒப்படைத்தார். பின்பு அரியணையேறிய அமர்சிங்கோ அச்சிறுவனைக் கல்வியும் வெளியுலகமும் இன்றி அடைத்து வைத்தார். ஐயர் ஓயாமல் அவனுக்காக மன்றாடினார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே ஐயரின் கண்காணிப்பில் கல்வியைத் தொடர்ந்தார். 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் மரித்தார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி அரசரானார். சில மாதங்கள் மட்டுமே இடைவெளி. ஆனாலும் ஆசிரியரின் கண்கள் அதைக் காணவில்லை.

அந்த மாணவர் செய்தவற்றைத் தஞ்சை இன்றும் வைத்திருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தைப் பன்மடங்கு பெருக்கினார், அச்சுக்கூடம் நிறுவினார், பிள்ளைகளுக்குப் பள்ளிகளை ஏற்படுத்தினார். கண்நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையைப் படங்களுடன் பதிவு செய்வித்தார்.

ஆனால் சரபோஜி ஞானஸ்நானம் பெறவில்லை. தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்தார். காசி யாத்திரையும் சென்றார். அப்படியானால் ஐயரின் பிரயாசம் வீணா? என் ஊழியத்தின் தொடக்க நாட்களில் நானும் அப்படிக் கணக்குப் பார்த்தவன்தான். பதிவேட்டில் ஏறாத பெயரை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டேன். அப்போஸ்தலர் 22-ஆம் அதிகாரத்தில் பவுல், தான் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவன் என்று மறைக்காமல் சொல்வதை நிதானமாய் வாசித்த பின்புதான் என் கணக்கு தடுமாறியது. கமாலியேலின் வழியைவிட்டுப் பவுல் வேறு வழியில் சென்றார், ஆசிரியரை மறுதலிக்கவில்லை. சரபோஜியும் அப்படியே. அடக்கத்துக்கு முன் ஐயரின் உடலருகே வந்து அழுதார். கல்லறைக்கென்று தாமே ஆங்கிலத்தில் ஒரு கவிதை இயற்றினார்.

அதே ஆசிரியரின் இன்னொரு மாணவரை உங்கள் வாய் அறியும், கீர்த்தனைகளின் வழியாக. திருநெல்வேலியிலிருந்து சுவார்ட்ஸ் ஐயர் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியார் அவர். ஒருவர் அரண்மனைக்கும் மற்றவர் ஆலயத்துக்கும் சென்றனர். இருவருக்கும் ஒரே ஆசிரியர்.

1785-இல் தஞ்சை ரெசிடெண்ட் ஜான் சல்லிவனோடு சேர்ந்து ஐயர் பள்ளிகளைத் தொடங்கிய ஊர்களில் இராமநாதபுரமும் ஒன்று. அவ்வூரில் சுவார்ட்ஸின் பெயர் தாங்கிய பள்ளியில் ஐயாதுரை சாலமோன் என்ற ஆசிரியரிடம் படித்தவர் அப்துல் கலாம். குடியரசுத் தலைவரான அவர், தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அந்த ஆசிரியரை நன்றியோடு நினைவுகூருகிறார். தம் பெயர் தாங்கிய வகுப்பறையில் இராமேசுவரத்துப் பிள்ளை ஒன்று உட்காரும் என்று சுவார்ட்ஸ் ஐயர் எங்கே அறிந்தார்!

நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களில் சிலர், பிள்ளைகள் வளர்ந்தபின் ஆலயத்துக்கு வருவதில்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் தஞ்சாவூருக்குப் போனால் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்துக்குள் செல்லுங்கள். சரபோஜி மன்னர் இங்கிலாந்தின் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. மரணப் படுக்கையில் ஐயர். அவர் கையைப் பற்றியபடி சரபோஜி. எல்லாரும் அரசரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் சற்று நின்று, கட்டிலருகே இருக்கிற பள்ளிச் சிறுவர்களையும் பாருங்கள்.