ஆடு தொடாத வேலி

பட்டணத்து நண்பர்கள் சிலர் இப்ப எல்டர்பெர்ரி பத்திக் கேக்குறாங்க. சளி இருமலுக்கு நல்லதாமே, வீட்டுத் தோட்டத்துல வைக்கலாமான்னு. ஐரோப்பாவுல அது வீட்டோரமா வளர்ற புதர்ச்செடி. பூவையும் பழத்தையும் காய்ச்சி அந்த ஊர்ப் பாட்டிமார் சளிக்குக் கொடுத்து வந்திருக்காங்க. பழத்தைப் பச்சையாத் தின்னா வயித்தைப் புரட்டும். குளிர் நாட்டுச் செடியைக் கொண்டாந்து நம்ம சித்திரை வெயில்ல ஏன் வாட்டணும்? இருமலுக்குன்னே ஒரு புதர் நம்ம கொல்லை வேலியில பல தலைமுறையா நின்னுச்சு. ஆடாதோடை. அதோட கதை பெரிய கதை.

முதல்ல அது ஏன் வேலிக்கு வந்துச்சுன்னு சொல்லணும். நன்னிலம் பக்கம் சம்பா அறுவடை முடிஞ்சா வயக்காடு முழுக்கத் திறந்து கெடக்கும். ராமநாதபுரம் சீமையில இருந்து கீதாரிங்க ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு வருவாங்க. ராத்திரி வயல்ல கிடை போட்டா ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். ஆனா பகல்ல மந்தை தெருவழியாப் போறப்ப கொல்லையில ஒரு கீரைகூட மிஞ்சாது. அதனால ஆடு வாய் வைக்காத செடியாப் பாத்து வேலி வெச்சாங்க. கிளுவைப் போத்து ஊனி, இடையில நொச்சியும் ஆடாதோடையும் அடைப்பாங்க. ஆடு தொடாத இலை, அதனால ஆடாதோடைன்னுதான் எங்க ஊர்ல பேருக்கு விளக்கம் சொல்லுவாங்க. மாவிலை மாதிரி நீட்டு இலை, வெள்ளைப் பூ, வாயில வெச்சா அப்படி ஒரு கசப்பு.

வேலிக்கு வந்தது மருந்துக்கும் ஆச்சு. ஐப்பசி அடைமழையில பிள்ளைங்க இருமினா எங்க அப்பாயி நாலு இலையைக் கிள்ளி, மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வெச்சு, தேன் விட்டுக் கொடுப்பாங்க. புள்ளத்தாச்சிக்கு மட்டும் கொடுக்க மாட்டாங்க. கருப்பையைச் சுருங்க வைக்கிற குணம் இந்த இலைக்கு இருக்குன்னு பின்னால ஆராய்ச்சிக்காரங்களும் சொன்னாங்க. ஏட்டுல எழுதாம வேலியோரத்துலயே கைமாறின படிப்பு அது.

இப்ப கடல் தாண்டிப் போவோம். 1670களில் இலங்கையில டச்சுக் கம்பெனிக்கு மருத்துவரா இருந்தவர் பால் ஹெர்மன். அங்க உள்ள செடிகளைச் சேகரிச்சு, உலர்த்தி, உள்ளூர் பேரோட எழுதி வெச்சார். அந்தச் சேகரம் பல கை மாறி சுவீடன்ல லின்னேயஸ்கிட்ட போச்சு. 1747ல அதை வெச்சு அவர் இலங்கைத் தாவரங்களைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார். 1753ல உலகத்துச் செடிகளுக்கெல்லாம் ரெண்டு சொல்லாப் பேரு வெச்சப்ப, இதுக்கு ஜஸ்டிசியா அதாதோடான்னு வெச்சார். முன்பாதி ஜேம்ஸ் ஜஸ்டிஸ்னு ஒரு ஸ்காட்லாந்து தோட்டக்காரர் பேரு. பின்பாதி நம்ம சனங்க வாயில இருந்த பேரு. இன்னைக்கும் உலகத்துல எந்தப் பல்கலைக்கழகத்துல இந்தச் செடியைச் சொன்னாலும் நம்ம ஆட்டையும் சேத்துத்தான் சொல்றாங்க, அது ஆடுன்னு தெரியாமலே.

அடுத்தது ஊட்டி. அங்க சின்கோனா மரப்பட்டையில கொயினாவைச் சோதிக்க வெள்ளைக்கார அரசாங்கம் வெச்சிருந்த ரசாயன நிபுணர் டேவிட் ஹூப்பர். 1888ல ஆடாதோடை இலையில இருந்து ஒரு காரப்பொருளைப் பிரிச்சு எடுத்தார். வடமொழியில செடிக்கு வாசா, வாசகான்னு பேரு. அதனால வாசிசின்னு வெச்சாங்க. பிறகு இந்த வாசிசினை மாதிரியா வெச்சு ஜெர்மனி கம்பெனி ஒண்ணு புரோம்ஹெக்சின்னு ஒரு மருந்தைத் தயார் பண்ணுச்சு. கெட்டிச் சளியை இளக்குற மருந்து. 1960கள்ல இருந்து விக்குது. அதோட அடுத்த வாரிசு அம்ப்ராக்சால். உங்க வீட்டு அலமாரியில இருக்குற இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, இந்த ரெண்டுல ஒண்ணு எழுதியிருக்க வாய்ப்பு நிறைய.

அங்க அது மருந்தா ஏறின அதே காலத்துல இங்க வேலி இறங்க ஆரம்பிச்சுது. 1960ல தஞ்சாவூர் ஜில்லாவுக்குத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்துச்சு. பேக்கேஜ் திட்டம்னு பெரியவங்க சொல்லுவாங்க. பின்னாலயே ஆடுதுறை 27 ரக நெல்லு, யூரியா, பூச்சிமருந்து. அதுக்கு முன்ன நாத்தங்கால்ல தழை மிதிக்க வேலியில ஆடாதோடையும் நொச்சியும் வெட்டுவாங்க. மூட்டையில உரம் வந்ததும் வெட்ட ஆள் இல்லை. வெட்டாத வேலி பம்மிப் போய் பாம்பு அடையும்னு பயம் வந்துச்சு. அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சு கொல்லை துண்டாச்சு. உயிர்வேலிக்கு மூணு அடி இடம் வேணும், காம்பவுண்டு சுவருக்கு ஒரு முழம் போதும். தெருவுக்குத் தெரு சுவர் ஏறினது இந்தக் கணக்குலதான். யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா செடி தேவைப்படுற நாள் வந்துக்கிட்டேதான் இருக்கு. இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வார் அய்யாவும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்தான். இளங்காட்டுல பொறந்தவர். அந்த வழியில வந்தவங்க ஆடு மாடு தின்னாத இலையா அஞ்சு வகை பறிச்சு, இடிச்சு, மாட்டு மூத்திரத்துல ஊறப்போட்டுப் பூச்சிவிரட்டி பண்றாங்க. அதுல ஆடாதோடைக்கு இடம் உண்டு. 2020ல கொரோனா வந்தப்ப அரசாங்கமே கபசுரக் குடிநீர் கொடுத்துச்சு. அதுல சேர்ற 15 சரக்குல ஆடாதோடை இலையும் ஒண்ணு. சுவர் கட்டினவங்க எல்லாம் அப்ப பொடிப் பாக்கெட்டுக்கு வரிசையில நின்னோம். செடியோட பேரு உலகம் பூரா இருக்கு, மருந்து பாட்டில்ல இருக்கு. தெருவுல மட்டும் நாலு வீட்டுக்கு ஒரு புதர்கூட இல்லை.

திரும்ப வைக்கிறது சுலபம். முத்தின குச்சியா ஒரு சாண் நீளம், மூணு நாலு கணு இருக்குற மாதிரி வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போக ஊனுங்க. ஆடி, ஆவணியில ஊனினா ஐப்பசி மழைக்கு முன்ன வேர் புடிச்சிடும். தண்ணி தேங்காத மேடா இருக்கணும், அவ்வளவுதான். மாடியில பெரிய தொட்டியிலகூட வரும். வருஷம் ஒருதரம் இடுப்பளவுக்கு வெட்டி விட்டா பம்மாது. இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டர்கிட்ட போங்க, காசநோயா இருந்தா கஷாயம் காப்பாத்தாது. போத்து வேணுங்கிறவங்க நன்னிலம் பக்கம் வந்தா சொல்லுங்க, வெட்டித் தர்றேன்.