ஒரு ஸ்கார்ஃபின் விலை

என் முதல் ரெஸ்யூமேயில் ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. சாரணர் இயக்கம், ராஜ்ய புரஸ்கார் விருது, சமூக சேவை: ஊருணி சீரமைப்பு. கேம்பஸ் இண்டர்வியூவில் எதிரே இருந்தவர் அந்த வரியில் பேனாவை வைத்து, “இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். “இருபது பேரை ஒருங்கிணைத்தேன்” என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

நான் செய்தது என்னவென்றால், நோட்டில் வருகைப் பதிவு எழுதினேன். போட்டோவுக்கு மண்வெட்டியைப் பிடித்து நின்றேன். கொஞ்சம் மண்ணும் அள்ளினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊருணியைச் சுத்தம் செய்தவர்களில் பாதிப்பேர் சாரணர்களே இல்லை.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் அது. கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வறண்டு கிடந்த ஊருணி முழுக்கச் சீமைக்கருவேலம். நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள், அரிவாளை வைத்துக்கொண்டு முள்ளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். என் வகுப்பில் படித்த ஒருவன் வீட்டிலிருந்து கடப்பாரையும் கூடையும் கொண்டுவந்தான். “ஏலே, வெட்டாத. வெட்டுனா தழைச்சிரும். வேரோட பறிக்கணும்” என்றான். எந்தப் பக்கம் தண்ணீர் வரும், எந்த இடத்தில் வண்டல் ஆழமாக இருக்கும், அதை எந்தப் புஞ்சைக்காரர் வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொள்வார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு நாளில் எல்லோரும் அவனிடம்தான் கேட்டுக் கேட்டு வேலை செய்தோம்.

விருதுக்குப் பெயர் அனுப்பும்போது அவன் பெயர் இல்லை. அவன் சாரணர் இல்லை. சாரணர் ஆவதற்குச் சட்டை, கால்சட்டை, தொப்பி, பெல்ட், ஷூ, ஸ்கார்ஃப் எல்லாம் எடுக்க வேண்டும். அவன் வீட்டில் அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. “யூனிஃபார்முக்குத் துட்டு கேட்டா அம்மா ஏசும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டால் எழுது என்பான், ஆனாலும் எழுதவில்லை.

ரொம்ப நாள் கழித்து, ஒரு லாக்டவுன் இரவில், சாரணர் இயக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது கண்ணில் பட்டவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

*

கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1899 அக்டோபரில் போயர் படைகள் மாஃபெகிங் என்ற சிறுநகரத்தை முற்றுகையிட்டன. உள்ளே இருந்த பிரிட்டிஷ் தளபதி பேடன் பவல். 217 நாள் நீடித்த அந்த முற்றுகையில், நகரத்து வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குச் சீருடை கொடுத்துத் தகவல் கொண்டுபோகவும் காவல் நிற்கவும் பயன்படுத்தினார்கள். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவன் பெரியவனைப்போல் நடந்துகொள்வான் என்ற பாடத்தைப் பேடன் பவல் அங்கேதான் கற்றதாகச் சொல்வார்கள். அதே நகரத்தைக் காக்கத் தோள்கொடுத்த பரோலாங் என்ற கறுப்பின மக்களுக்கு, வெள்ளையருக்குக் கிடைத்த அளவு உணவு கிடைக்கவில்லை. பட்டினியில் செத்தவர்கள் உண்டு. லண்டன் தெருக்களில் கொண்டாடப்பட்ட கதையில் அவர்களுக்குப் பெரிய இடம் இல்லை.

ஆனாலும் பேடன் பவலை அதோடு முடித்துவிட முடியாது. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய சோதனை முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 20 சிறுவர்கள். ஒரு பாதி பணக்காரப் பள்ளிகளிலிருந்து, மறுபாதி உழைப்பாளிக் குடும்பங்களிலிருந்து. வேண்டுமென்றேதான் கலந்தார். ஒரே கூடாரம், ஒரே சோறு, ஒரே வேலை. சாரணர் சீருடைக்குப் பின்னால் உள்ள யோசனையும் அதுதான்: அதைப் போட்டுவிட்டால் யார் பிரபு மகன், யார் கூலிக்காரர் மகன் என்று தெரியக்கூடாது. ஏற்றத்தாழ்வை மறைக்க வந்த துணி அது. எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்தபோது அதுவே வாசலில் நிற்கும் காவல்காரனாகிவிட்டது.

*

இந்தியாவில் முதல் சாரணர் படை 1909-இல் பெங்களூரில் தொடங்கியது. ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும். இந்தியச் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. தடம் பார்ப்பது, சமிக்ஞை அனுப்புவது, காட்டில் தங்குவது, குழுவாகக் கட்டளைக்குக் கட்டுப்படுவது – இதையெல்லாம் இந்தியப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம்.

அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள நான் வங்காளம் வரை போக வேண்டியதில்லை. கோவில்பட்டியில் ரயில் ஏறித் தெற்கே போனால் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று அந்த ஜங்ஷனில்தான் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. அப்போது சிறையில். இந்த வட்டாரத்து இளைஞர்கள் கூடி நின்றாலே அரசாங்கம் திரும்பிப் பார்த்த காலம்.

அந்தக் கதவைச் சென்னையில் தள்ளித் திறந்தவர்களில் முக்கியமானவர் அன்னி பெசன்ட். 1916-இல் ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து, இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அந்தப் பையன்கள் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள். அதே ஆண்டு அவர் ஹோம் ரூல் லீக்கும் தொடங்கியதால், அரசுக்கு எது சேவை எது அரசியல் என்று பிரிக்க முடியவில்லை. வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதியின் கீழ் சாரணர்களைத் திரட்டினார்கள்.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட்டின் சங்கம் அதிகாரப்பூர்வ இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. 1930-களின் இறுதியில், பேடன் பவல் இந்தியர்களின் குணத்தைக் குறைத்துப் பேசினார் என்ற கோபத்தில் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. ஒருவழியாக 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக எல்லாம் ஒன்றானது. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். நான் கழுத்தில் கட்டிய ஸ்கார்ஃபுக்குப் பின்னால் நாற்பது வருடச் சண்டை இருந்திருக்கிறது. எங்களுக்கு முடிச்சுப் போடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

*

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது அல்ல. அன்னி பெசன்ட்டின் பழைய வாழ்க்கை.

இந்தியாவுக்கு வருவதற்கு முன், 1888 ஜூனில், லண்டனில் ‘தி லிங்க்’ என்ற தன் சிறுபத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பிரையன்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்த பெண்களையும் சிறுமிகளையும் பற்றியது. பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துத் தின்னும். கட்டுரை வந்த சில நாட்களில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். நிர்வாகம் இறங்கிவந்து அபராதங்களை ரத்து செய்தது.

எங்கள் ஊருக்கும் சாரண இயக்கத்துக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிவகாசிக்காரர்கள் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த பிறகு, மானாவாரி விவசாயம் ஏமாற்றிய இந்தக் கரிசல் பூமிக்குத் தீப்பெட்டிதான் சோறு போட்டது. வெள்ளைப் பாஸ்பரஸ் இங்கே இல்லை. இது சேஃப்டி மேட்ச். ஆனால் விடியுமுன் வேன் ஏறிப் போய்க் கட்டை அடுக்கிய பிள்ளைகள் இருந்தார்கள். பூமணி ‘கருவேலம் பூக்கள்’ படத்தில் காட்டியது அவர்களைத்தான். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளிகள் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தொழிற்சாலையில் கண்காணிப்பு கூடியது. வீட்டில் உட்கார்ந்து ஒட்டும் பெட்டிகளை யாரும் எண்ணவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த லண்டன் வேலைநிறுத்தத்தைப் பெசன்ட் தலைமை தாங்கி நடத்தினார் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். அவர் முதலில் கேட்டது வேலைநிறுத்தமே அல்ல; மக்கள் அந்தத் தீப்பெட்டியை வாங்காமல் புறக்கணிக்க வேண்டும் என்றுதான் கேட்டார். வேலையை விட்டு வெளியே வந்தது அந்தப் பெண்களே எடுத்த முடிவு. அதன் பிறகுதான் சுமார் 200 பேர் ஊர்வலமாக அவர் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் நிதி திரட்டினார், எழுதினார், துணை நின்றார். அது சின்ன வேலை அல்ல. ஆனால் வரலாறு தலைவர் என்று குறித்துக்கொண்டது, எழுதத் தெரிந்தவரை.

நோட்டில் வருகைப் பதிவு எழுதியவன் நான்.

*

இந்த ஊரில் ஊருணியையும் கண்மாயையும் தூர்வாருவது யாரோ ஒரு மாணவர் கண்டுபிடித்த சேவைத் திட்டம் அல்ல. குடிமராமத்து என்று பெயர். வருடாவருடம் ஊர் கூடிச் செய்தது. அது நின்றுபோகும் என்று பயந்த அரசு 1858-இல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. அந்த உழைப்பும் எல்லாத் தோளிலும் சமமாக விழவில்லை. கீழே இருந்தவர்கள் தோளில்தான் கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. சோ. தர்மனின் ‘சூல்’ 2019-இல் சாகித்ய அகாதமி வாங்கியபோது, ஒரு கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் அறிவுக்கு அச்சில் கிடைத்த மரியாதை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

விருதே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பதினாலு வயதில் ஊர் வேலைக்கு இறங்க வைத்தது அந்த விருது ஆசைதான். அது இல்லையென்றால் நான் ஊருணிப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஆனால் விருதுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் ஒரு தலைவனும் வேண்டியிருக்கிறது. ஊருணிக்கு இது எதுவும் வேண்டாம். அடுத்த வருடமும் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். இப்போது சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறான். தீப்பெட்டி லோடும் ஏற்றுகிறான். டீக்கடையில் வைத்து ரெஸ்யூமே கதையைச் சொன்னேன், இண்டர்வியூவில் சொன்ன பதிலையும் சேர்த்து. மன்னிப்பு மாதிரி ஏதோ வாயில் வந்தது. அவன் டீயை ஆற்றிக்கொண்டே, “அந்த ஊருணியப் போய்ப் பாத்தியா?” என்றான்.

பார்க்கவில்லை.

“முள்ளு மூடிக் கெடக்கு. ஞாயித்துக்கெழம வண்டி சும்மாதான் நிக்கும். வாரியா?”

போனோம். கடப்பாரையை அவன்தான் கொண்டுவந்தான். நான் நோட்டு எதுவும் கொண்டுபோகவில்லை.