லேப்டாப்பும் மூன்றாம் பிரதியும்

நம்மில் பலர் வீட்டு அலமாரியில் 2007, 2008 வாக்கில் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப் ஒன்று இன்னும் கிடக்கிறது. அதை வாங்கிய நாளில் அட்டைப்பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்று சற்று நினைத்துப் பாருங்கள். சார்ஜர், பேட்டரி, உத்தரவாதச் சீட்டு, பல மொழிகளில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம். விண்டோஸ் தட்டு மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக முதல் சில நாட்களில் திரையில் ஓர் அறிவிப்பு வரும். வெற்று டி.வி.டி.க்களை வாங்கி, மீட்புத் தட்டுகளை நீங்களே தயார் செய்து கொள்ளுங்கள் என்று அது சொல்லும். பெரும்பாலோர் பிறகு பார்க்கலாம் என்று அதை மூடிவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு, வாங்கியவரே உட்கார்ந்து ஏன் நகல் எடுக்க வேண்டும்? இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. சர்க்கார் ஆபீசில் பதிவேடுகளோடும் பிரதிகளோடும் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி அக்கறை உண்டு.

ஆரம்பத்தில் நிலைமை வேறு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதை இயக்கும் டாஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் வந்தது. அதன் கொள்ளளவு 160 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. அந்த ஃப்ளாப்பியிலேயே 'டிஸ்க்காப்பி' என்று ஒரு கட்டளையும் இருந்தது. முதல் வேலையாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, நகலைப் புழங்குவதுதான் அன்றைய பழக்கம். மூலம் வாங்கியவர் கையில் இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. கடையில் ஃப்ளாப்பியாக வாங்கினால் 13 ஃப்ளாப்பி, அல்லது ஒரே ஒரு சி.டி. இதற்குள் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் மென்பொருளை முன்கூட்டியே ஹார்டு டிஸ்கில் ஏற்றி விற்கத் தொடங்கின. அப்படி விற்ற சில கம்ப்யூட்டர்களில், ஃப்ளாப்பிகளை வாங்கி அமைப்புத் தட்டுகளை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்ற வசதியை வைத்திருந்தார்கள். ஆக, நகலெடுக்கும் பொறுப்பை வாங்குபவர் தலையில் வைக்கும் வழக்கம் டி.வி.டி. காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் இது பொது வழக்கம் ஆனது. புதுக் கம்ப்யூட்டரோடு முழு விண்டோஸ் சி.டி. கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடலாம். அதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் விரும்பியது. தட்டு அச்சிட்டு, உறையிட்டு, பெட்டியில் வைக்கும் செலவு மிச்சமானால் கம்பெனிகளுக்கும் நல்லதுதான். எனவே தட்டுக்குப் பதிலாக ஹார்டு டிஸ்கின் ஒரு பகுதியைத் தனியே தடுத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை அதில் அப்படியே சுருக்கி வைத்தார்கள். இதற்கு ரெக்கவரி பார்ட்டிஷன் என்று பெயர். சில லேப்டாப்களில் அது கண்ணுக்கே தெரியாது. சிலவற்றில் 'ரெக்கவரி' என்ற பெயரோடு டி டிரைவாகத் தெரியும். அது ஏறக்குறைய நிரம்பியிருப்பதாகச் சிவப்புக் கோடு காட்டும். இடம் போதவில்லை என்று நினைத்து அதில் இருந்ததை அழித்தவர்களும் உண்டு.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது ஒரு விசையை அழுத்தினால் அந்த மறைவான பகுதி விழித்துக்கொள்ளும். எச்.பி.யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், ஆசஸில் எஃப்9, தோஷிபாவில் பூஜ்யம். தட்டில்லாமலே எல்லாம் நடக்கும். இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நம் ஊரில் சொத்துப் பத்திரம் எழுதிய பழைய நொத்தேர் முறையை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். அசல் பத்திரம் நொத்தேரிடமே இருக்கும். அதற்கு மினுத் என்று பெயர். நமக்குக் கிடைப்பது எக்ஸ்பெதிசியோன் என்ற அத்தாட்சி பெற்ற நகல். அசல் கையில் இல்லையே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. நகல் தொலைந்தாலும் நொத்தேரிடம் போனால் இன்னொன்று கிடைக்கும். லேப்டாப் விஷயத்தில் அசலும் நம்மிடம் இல்லை, நகலும் இல்லை. அடிப்பாகத்தில் ஒட்டிய ஒரு சீட்டில் 25 எழுத்துகளும் எண்களும் மட்டும் இருந்தன. மடியில் வைத்துப் புழங்கிய சூட்டிலும் வியர்வையிலும் அவையும் சில வருடங்களில் அழிந்துபோயின.

இதைவிடப் பெரிய குறை வேறு. மீட்பதற்கான பிரதி எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கிறது? எது கெட்டால் மீட்க வேண்டுமோ, அதே ஹார்டு டிஸ்கில்! வைரஸ் வந்தால் அது உதவும். விண்டோஸ் குழம்பினால் உதவும். ஹார்டு டிஸ்கே உடைந்தால் மூலமும் பிரதியும் சேர்ந்தே போய்விடும்.

இந்தப் பாடத்தைப் பிரெஞ்சு நிர்வாகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை இரண்டு பிரதியாக வைக்க வேண்டும் என்று 1667-லேயே பதினான்காம் லூயியின் சட்டம் சொன்னது. புரட்சிக்குப் பிறகும் இரட்டைப் பிரதி முறை தொடர்ந்தது. ஒன்று மேரியில், மற்றொன்று நீதிமன்றத்தின் கிரெஃபில். ஆனால் பாரீசில் இரண்டும் ஒரே நகரத்தின் நடுவில், நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. 1871 மே மாதம், பாரீஸ் கம்யூனின் கடைசி நாட்களில், நகர மன்றக் கட்டடங்களும் நீதி மாளிகையும் சேர்ந்தே எரிந்தன. 1860-க்கு முந்தைய பாரீஸ் நகரத்துப் பதிவுகள், சுமார் 80 லட்சம், இரண்டு பிரதிகளிலும் சாம்பலாயின. குடும்பங்கள் வைத்திருந்த சான்றிதழ்களையும் கோயில் பதிவேடுகளையும் நொத்தேர்களின் காகிதங்களையும் பார்த்துத் திரும்ப எழுத 1872-ல் தனிச் சட்டமே போட்டார்கள். பல வருடங்கள் உழைத்தும் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது.

நம் புதுச்சேரியின் கதை வேறு. 1761-ல் ஆங்கிலேயர் இந்த நகரத்தைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்குப் பதினைந்து வருடங்கள் கழித்து, 1776 ஜூனில், காலனிகளின் பொது ஆவணங்களைப் பாதுகாக்க வெர்சாயில் ஒரு காப்பகம் அமைக்கும் அரசாணை வந்தது. அதன்படி, காலனிகளில் எழுதும் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எடுத்துக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அந்த மூன்றாம் பிரதிகள்தான் இன்று எக்ஸ் ஆன் புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவேடுகள் பலவற்றை வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் புரட்டிப் பார்க்கலாம். 1962-ல் நாசியோனாலித்தே விஷயத்தில் ஒப்சியோன் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தாத்தாவின் பிறப்புப் பதிவு ஒரு வரி கிடைப்பது எத்தனை பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரையானும் ஈரமும் இங்கே தின்றது போக, அங்கே ஒன்று இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

மீட்புத் தட்டு என்பதும் இந்த மூன்றாம் பிரதிதான். மெஷினுக்கு வெளியே, வேறோர் இடத்தில் இருப்பதுதான் அதன் மதிப்பு. விஸ்டா காலத்தில் இரண்டு மூன்று டி.வி.டி. போதும். விண்டோஸ் 7 வந்த பிறகு நாலைந்து வரை தேவைப்பட்டது. சி.டி.யில் எடுத்தால் பத்துக்கு மேல் போகும். வேலை தொடங்கினால் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு தட்டையும் எழுதி, பிறகு சரியாக எழுதியிருக்கிறதா என்று மெஷினே ஒருமுறை படித்துப் பார்க்கும். வெளியே வந்ததும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். எச்.பி. போன்ற கம்பெனிகள் ஒரே ஒரு செட் எடுக்கத்தான் அனுமதித்தன. அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. வகைத் தட்டு அதற்கு ஆகாது.

அந்தத் தட்டுகளுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. 2001-ல் எக்ஸ்.பி. வந்ததிலிருந்து, பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் பயாஸ் என்ற அடிப்படைச் சில்லிலேயே கம்பெனியின் அடையாளம் இருக்கும். மீட்புத் தட்டிலிருந்து ஏறும் விண்டோஸ் அந்த அடையாளத்தைப் பார்த்ததும் தன்னைத் தானே அங்கீகரித்துக்கொள்ளும். அடிப்பாகத்துச் சீட்டு அழிந்திருந்தாலும் கவலை இல்லை. தட்டு இல்லாதவர்கள் சர்வீஸ் கடைக்குப் போனார்கள். அங்கே ஏற்றிக் கொடுத்தது பல சமயம் உரிமம் இல்லாத விண்டோஸ். சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவர் திருட்டுப் பிரதியில் வேலை செய்ய வேண்டிய நிலை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மீட்பு என்ற சொல் நம் வயதுக்காரர்களை ஏமாற்றிவிடுகிறது. தொலைந்ததை மீட்பது என்று நாம் பொருள் கொள்கிறோம். கம்பெனி சொல்வது வேறு. மெஷினைத் தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் நாளுக்குத் திருப்புவதுதான் அவர்களுடைய மீட்பு. முதல் நாளில் உங்கள் போட்டோவும் கடிதமும் அதில் இருந்ததில்லை. எனவே மீட்ட பிறகும் இருக்காது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். லேப்டாப் சரியாகத் திறக்கவில்லை. திரையில் ரெக்கவரி என்று பார்த்ததும், நல்லதாய்ப் போயிற்று என்று சம்மதம் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் மெஷின் புத்தம் புதிதாக எழுந்தது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அம்மா காலமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. "மெஷின் நல்லா இருக்குது சார், உள்ளேதான் ஒண்ணும் இல்லே" என்று என்னிடம் சொன்னார். வேறு யாரிடமாவது சில படங்கள் இருக்குமா என்று உறவினர்களிடம் கேட்டுக் கேட்டுப் பதினொன்று சேர்த்தார்.

பாரீசிலும் 1871-க்குப் பிறகு இப்படித்தான் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தார்கள்.

தட்டுகளின் காலம் அதிகம் நீடிக்கவில்லை. 2010-ல் ஆப்பிள் தன் மெல்லிய லேப்டாப்போடு தட்டுக்குப் பதில் ஒரு சிறிய பென் டிரைவைக் கொடுத்தது. அடுத்த வருடமே இன்டர்நெட் வழியாக மீட்கும் முறையையும் கொண்டுவந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அடிப்பாகத்துச் சீட்டில் இருந்த எண் மெஷினுக்குள்ளேயே போய்விட்டது. மீட்புக்குப் பென் டிரைவ் போதும் என்றானது. 2020 முதல் விண்டோஸ் 10 தன்னைத் தானே மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். பழைய நொத்தேர் முறைக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்லலாம். அசல் தூரத்தில் இருக்கிறது. கேட்டால் நகல் வரும், கேட்க இன்டர்நெட் வேண்டும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. அது இன்னும் திறக்கிறது என்றால், முதலில் படங்களையும் காகிதங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து, அதை வேறு வீட்டில், மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். பிறகு மீட்புத் தட்டை எடுங்கள். முன்பே எடுத்த தட்டு இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டில் எழுதும் தட்டில் இருப்பது சாயப் பூச்சு. வெயிலும் வருடங்களும் அதை மங்கச் செய்யும்.

பேரன் ஊருக்கு வரும்போது இந்த வேலையை அவனிடம் சொல்லுங்கள். மீட்பு விசையை அழுத்துவதற்கு முன், படங்கள் வெளியே வந்துவிட்டனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.